டேப்லெட்டில் பாட்டு கட்டும் பித்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் பஜனைக் குழுவிலோ குடும்ப விசேஷத்திலோ யாராவது டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "இதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று ஆரம்பித்தால், அடுத்த சில மாதங்கள் அவருக்கு எப்படிப் போகும் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். மொரீஷியஸில் அப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் நிறைய. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், போர்ட் லூயி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அவர்கள் என்னிடம் கேட்பவை, அவர்கள் வீட்டுக்காரர்கள் கேட்பவை எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு எது நடந்துகொண்டிருக்கிறதோ அதற்கு நேராகப் போங்கள்.

இந்தப் பித்து எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வருமா?

ஏறக்குறைய. முதலில் வியப்பு. அப்புறம் எட்டு பாரில் (பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) மாட்டிக்கொள்வது. அப்புறம் கண்ணில் படும் ஆப் எல்லாம் வாங்குவது, வாங்கியதை ஒன்றோடொன்று கோத்துப் பார்ப்பது, கேபிள் சேர்ப்பது, இடையில் எங்கேயோ இரவு முழுக்க ஒலியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு காலம், கடைசியில் ஒரு பாட்டை முடிப்பது. ஆனால் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். கிதார் வாசிப்பவர்கள் வியப்பைத் தாண்டி நேராகக் கேபிளுக்குப் போவார்கள், கிதாரை உள்ளே செருக வேண்டுமே. மிருதங்கம் படித்தவர்கள் முதல் நாளே டக் டக் என்று அடி எண்ணும் மெட்ரோனோமோடு சண்டை பிடிப்பார்கள். பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் எல்லாரையும்விட வேகமாக முடிகிறது, ஏனென்றால் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது.

முதல் கட்டத்தில் ஏன் எல்லாரும் தன்னை இளையராஜா என்று நினைத்துக்கொள்கிறார்கள்?

நினைக்கட்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. கராஜ்பேண்ட் என்ற பாட்டு கட்டும் ஆப்பைத் திறந்து ஸ்மார்ட் கிதாரைத் தொட்டால் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பட்டை பட்டையாக நிற்கும், அவை எல்லாமே ஒரே சுருதிக்குள் சேரும் கார்டுகள், அதனால் விரலை எங்கே வைத்தாலும் காதுக்கு இடறாது. டிரம்மர் தானாகவே தாளம் போடும். வாழ்க்கையில் ஒரு வாத்தியத்தையும் தொடாதவர் பத்து நிமிடத்தில் கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார். ஆப்பிள் இதை 2011 மார்ச்சில் ஐபேட் 2 வந்த சமயத்தில் கொண்டுவந்தது. அப்போது ஐந்து டாலர், எட்டு டிராக்தான், அதாவது தனித்தனியாகப் பதிவாகும் எட்டு வரிசை. 2017 முதல் எல்லாருக்கும் இலவசம், இப்போது 32 டிராக் வரை போகலாம்.

இந்தக் கட்டத்தின் அறிகுறி, வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வது. சோறு வெந்துகொண்டிருக்கும்போது, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று. தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று கேட்டுவிடுங்கள். மனிதருக்கு ஐம்பது வயதில் முதல் தடவையாகத் தன் கையிலிருந்து இசை வந்திருக்கிறது.

என் பாட்டு எல்லாம் பதினேழு நொடியில் நின்றுவிடுகிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கராஜ்பேண்ட் புதிய பாட்டைத் திறக்கும்போது ஒரு பகுதிக்கு எட்டு பார் என்று வைத்துக்கொள்கிறது. வேகம் நிமிடத்துக்கு 110 அடி. எட்டு பார் என்றால் 32 அடி, கணக்குப் போட்டால் பதினேழரை நொடி. அதற்குமேல் நீங்கள் என்ன வாசித்தாலும் அது திரும்பிப் போய் முதலிலிருந்து சுற்றும். டிராக்குகள் தெரியும் திரையில் வலப்பக்க மேல் மூலையில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைத் தொட்டு, பகுதி ஏ என்பதைத் தொட்டு, நீளத்தைத் தானியங்கி என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் நிறுத்தும்வரை பதிவு போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டல் குறியைத் தெரிந்துகொண்ட பிறகும் பலர் எட்டு பாரிலேயே இருந்துவிடுகிறார்கள், அதுதான் விஷயம். சுற்றிச் சுற்றி வரும் எட்டு பார் அவ்வளவு சுகமாக இருக்கும். அதன்மேல் ஒரு பியானோ, அதன்மேல் ஒரு வயலின், அப்புறம் கைதட்டல், அப்புறம் இன்னொரு கைதட்டல். பக்கவாட்டில் வளர வேண்டிய பாட்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். ஆப்புக்குள் போய்ப் பார்த்தால் மை சாங், மை சாங் 2, மை சாங் 3 என்று ஒரு பட்டாளமே நிற்கும், எதற்கும் பெயர் இல்லை, எதற்கும் சரணம் இல்லை. நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: அந்த எட்டு பாரை மூன்று தடவை நகல் எடுத்து வரிசையாக வையுங்கள், முதல் பகுதியில் பாதி வாத்தியங்களை அடைத்துவிடுங்கள், மூன்றாவதில் டிரம்ஸை எடுத்துவிட்டுப் பாடுங்கள். அவ்வளவுதான், உங்களிடம் ஒரு பல்லவியும் ஒரு சரணமும் வந்துவிட்டது.

சேகா போட்டுப் பார்க்கிறேன், சேகா மாதிரியே வரமாட்டேன் என்கிறது. ஏன்?

இது எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆப் திறந்ததும் 4/4 தாளத்தில் இருக்கும். சேகா, மொரீஷியஸின் நாட்டுப்புற ஆட்ட இசை, 6/8. நம் கணக்கில் சொன்னால் தகிட தகிட, திஸ்ரம். 4/4 கட்டத்தில் ரவான் என்ற தோல் வாத்தியத்தை வாசித்தால் ஆப் உங்கள் ஒவ்வோர் அடியையும் பிடித்து இழுத்துத் தன் கட்டத்துக்குள் தள்ளப் பார்க்கும், கேட்பதற்குக் கல்யாண மண்டபத்து டிஸ்கோ மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு அடி வாசிப்பதற்கு முன்னாலேயே பாட்டு அமைப்புகளுக்குப் போய் 6/8 என்று மாற்றுங்கள். கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மூன்றும் உண்டு. பாதி வாசித்துவிட்டு மாற்றினால் ஏற்கெனவே வாசித்தது புதுக் கணக்கில் உட்காராது.

அடுத்தது குவாண்டைஸ், அதாவது நீங்கள் வாசித்த அடிகளை ஆப் தன் கட்டத்துக்கு இழுத்துச் சேர்ப்பது. டிராக் அமைப்புகளில் இருக்கும். நேர், டிரிப்ளெட், ஸ்விங் என்று பிரிவுகள் காட்டும். சேகாவுக்கு முதலில் அதை ஒன்றுமில்லை என்று வைத்துவிடுங்கள். சேகாவின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், அதே ஆறு அடிகளைக் காது ஒரு பக்கம் மூன்று மூன்றாகவும் இன்னொரு பக்கம் இரண்டு இரண்டாகவும் கேட்பதில். தகிட தகிட என்று ஒரு கை, தக தக தக என்று இன்னொரு கை. மராவான் என்ற குலுக்கு வாத்தியத்தின் சலசலப்பும் திரியாங் என்ற முக்கோணக் கம்பியின் ஓசையும் இந்த இரண்டுக்கும் நடுவே நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவலைக் கட்டத்துக்குள் அடைத்தால் கணக்கு சரியாக இருக்கும், ஆட்டம் வராது. கர்நாடக இசை படித்தவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு, திஸ்ரம் கையில் ஊறியிருக்கும், வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தால் போதும்.

அதைவிட நல்லது, ரவானையே பதிவு செய்வது. ஆட்டுத்தோல், மரச்சட்டம், வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள், ஆற ஆறச் சத்தம் தொங்கிவிடும். அதனால் நெருப்பிலிருந்து எடுத்த கையோடு பதிவு பண்ணுங்கள், டேப்லெட்டை மட்டும் நெருப்பின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மைக்கை ரவானுக்கு நேராக வைத்தால் சத்தம் உடையும், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். மராவானைக் கொஞ்சம் கிட்ட வைக்கலாம். சேகா திபிக்கை 2014ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பக்கத்து ரீயூனியனின் மலோயாவை 2009லேயே சேர்த்திருந்தது. இப்படிப்பட்ட தாளம் நம் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும்போது எங்கோ பதிவான டிரம் லூப்பைத் தேடிப் போவானேன்?

கண்ட சாபு, மிஸ்ர சாபு வேண்டும். முடியுமா?

கராஜ்பேண்டில் கண்ட சாபுவின் ஐந்தும் மிஸ்ர சாபுவின் ஏழும் இல்லை. ஆப்பிளின் பெரிய பதிவு ஆப்பான லாஜிக் புரோவின் ஐபேட் பதிப்பில் வைத்துக்கொள்ளலாம், 2023 மே மாதம் வந்தது, வந்தபோது மாதம் ஐந்து டாலர் அல்லது வருடம் 49 டாலர். காசு கொடுக்க மனமில்லையா, மெட்ரோனோமை அணைத்துவிட்டு நீங்களே தாளம் போட்டு ஒரு ஆவர்த்தனத்தைப் பதிவு செய்யுங்கள், அதையே அடித்தளமாக வைத்து மேலே கட்டுங்கள். திரையில் தெரியும் கோடுகள் உங்கள் தாளத்தோடு ஒத்துப்போகாது. கண்ணை மூடிக்கொண்டால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

கமகம் வருமா? ராகம் வாசிக்க முடியுமா?

ஸ்வரம் வரும், கமகத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் பாட்டோ வீணையோ படித்தவர்கள் டேப்லெட்டைத் தொட்டதும் முதலில் தேடுவது மாயாமாளவகௌளையைத்தான். கராஜ்பேண்டில் ஸ்கேல் என்ற பொத்தான் இருக்கிறது, மேஜர், மைனர், பென்டடோனிக், ஜப்பானிய ஸ்கேல் எல்லாம் காட்டும், நம் மேளகர்த்தா ராகங்கள் பட்டியலில் இல்லை. பரவாயில்லை, சாதாரண கீபோர்டில் சி-யை ஸட்ஜமாக வைத்தால் சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. கீபோர்டின் மேலே இருக்கும் பொத்தானைப் பிட்ச் என்று மாற்றினால் விரலை வைத்த இடத்திலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி ஸ்வரத்தை அசைக்கலாம்.

நிஜமான அசைவு வேண்டுமென்றால் ஜியோஷ்ரெட் என்ற ஆப். கண்ணாடியில் தந்தி போல வரிசைகள் இருக்கும், விரல் வழுக்கும் இடமெல்லாம் ஸ்வரமும் வழுக்கும். மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக ராகங்கள் வாசிப்பதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கண்ணாடியில் ஆந்தோளனம் போன்ற அசைவு வருமா என்ற சந்தேகமே உங்களுக்கு வராது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அசைவு கொடுக்கும் எம்பிஇ என்ற மிடி முறை (மிடி என்றால் மின் வாத்தியங்களும் ஆப்களும் பேசிக்கொள்ளும் மொழி) 2018ல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. அதற்குமுன் மிடி கீபோர்டில் பிட்ச் சக்கரத்தைச் சுற்றினால் வாசிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து ஆடும், இப்போது ஒன்று மட்டும் ஆடும்.

ஆப் வாங்குவதை நிறுத்த முடியவில்லை. என்ன செய்ய?

மூன்றாம் கட்டம். இதில் இருப்பவர்களை நவம்பர் கடைசி வாரத்தில் அடையாளம் காணலாம், பிளாக் ஃபிரைடே தள்ளுபடிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே டால் பூரி சாப்பிடுவார்கள், சாப்பிட்டதே தெரியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூக் நிறுவனம் மினிமூக் ஆப்பையும் கோர்க் நிறுவனம் காசிலேட்டர் ஆப்பையும் கொஞ்ச காலம் இலவசமாகக் கொடுத்தன. பலருக்குச் சேகரிப்பு தொடங்கியது அங்கேதான். அந்தக் காலத்தில் இறக்கிய சின்தசைசரை, அதாவது மின்னொலி உண்டாக்கும் ஆப்பை, இன்னும் ஒரு தடவைகூடத் திறக்காதவர்களை எனக்குத் தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கடைப் பக்கத்தில் ஒவ்வொரு ஆப்பும் ஒரு முடிந்த பாட்டோடு வருகிறது. அதைக் கேட்கும்போது நமக்கு வேண்டியது அந்த ஆப் என்று தோன்றுகிறது. நமக்கு வேண்டியது அந்த முடிந்த பாட்டு. ஆப்பை வாங்கிய பிறகு கையில் இருப்பது வெறும் கட்டங்கள், மறுபடியும் எட்டு பார்.

நான் சொல்லும் வழி கடுமையானது, ஆனால் வேலை செய்கிறது: கையில் இருக்கும் ஆப்பில் ஒரு பாட்டு முழுசாக முடியும்வரை புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். தள்ளுபடி போய்விடுமே என்றால் போகட்டும், அடுத்த வருடமும் வரும். ஏற்கெனவே வாங்கியதை அழிக்கப் பயப்பட வேண்டாம். கடையில் கிடைக்கும்வரை அதே கணக்கில் காசு கொடுக்காமல் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, எதுதான் வேண்டும்?

ஐபேடில் கராஜ்பேண்ட். ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் இலவசம், காசு கொடுப்பதாக இருந்தால் எஃப்எல் ஸ்டுடியோ மொபைல். ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கும் கோவாலா என்ற சாம்ப்ளர் விலை குறைவு, எனக்கு மிகவும் பிடித்தது. மைக்கில் ஒரு சத்தத்தைப் பிடித்து ஒரு கட்டத்தில் போட்டால் அதை விரலால் தட்டி வாசிக்கலாம். அம்மி, சேவல், கதவு, போர்ட் லூயி பஸ் ஹாரன், எல்லாமே தாளம் ஆகிவிடும். குழந்தைகளுக்கு முதலில் இதைக் கொடுங்கள்.

ஒரு ஆப்பை இன்னொரு ஆப்போடு இணைப்பது எப்படி?

நான்காம் கட்டத்துக்கு வரவேற்கிறேன். ஐபேடில் ஒரு ஆப்பின் சத்தத்தை இன்னொன்றுக்குள் அனுப்ப முதலில் எளிய வழி கொடுத்தது ஆடியோபஸ், 2012 டிசம்பரில். அடுத்த வருடம் ஆப்பிளே இண்டர்-ஆப் ஆடியோ என்று ஒன்றை வைத்தது, 2019ல் அதைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. 2015ல் வந்த ஏயூவி3 என்ற இணைப்பு முறைதான் இன்றைக்கு நிலைத்திருப்பது. இதில் சின்தசைசரோ எக்கோவோ உங்கள் ஆப்புக்குள்ளேயே ஒரு சின்ன ஜன்னலாகத் திறக்கும், பாட்டைச் சேமித்தால் அதன் அமைப்பும் சேர்ந்தே சேமிக்கப்படும். அதனால் ஏதாவது வாங்கும்போது ஏயூவி3 ஆதரவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏயூஎம் என்ற மிக்ஸர் ஆப்பில் பத்து ஆப்பை வரிசையாகக் கோக்கலாம். கோத்துவிட்டு எழுந்து பார்த்தால் இரவு பன்னிரண்டு, ஒரு ஸ்வரம்கூட வாசித்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் மனம் நிறைந்திருக்கும். இதைக் குறை சொல்ல மாட்டேன், இது தனியான ஒரு சந்தோஷம், மிஷினைப் பிரித்துப் போட்டுச் சேர்ப்பவர்களுக்கு இருக்கும் அதே சந்தோஷம். ஆனால் மறுநாள் அதே கோப்பைத் திறந்து அதில் பாட வேண்டும், திரும்பவும் கோக்கக் கூடாது.

புளூடூத் ஹெட்போனில் தாளம் பின்தங்குகிறதே?

உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. புளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி நொடி ஆகும். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், அந்தக் கணக்கில் பார்த்தால் தவில்காரர் கோயில் வாசலில் அடிக்க நீங்கள் ஐம்பது மீட்டர் தள்ளித் தெருமுனையில் நின்று கூடவே தாளம் போடப் பார்ப்பது மாதிரி. ஒருவராலும் முடியாது. கம்பி ஹெட்போன் போட்டால் தாமதம் பத்து மில்லி நொடிப் பக்கம் வந்துவிடும், அது ஒரே அறையில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், கை தானாகப் பழகிக்கொள்ளும்.

2018 கடைசியிலிருந்து வந்த ஐபேட் புரோக்களிலும் 2022ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலும் ஹெட்போன் துளை கிடையாது, யூஎஸ்பி-சி மாற்றி ஒன்று வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 2017ல் எட்டாம் பதிப்போடு கூகுள் குறைந்த தாமதத்துக்கு வழி செய்தது, ஆனாலும் மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும், கடையிலேயே டிரம் ஆப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபிள் டிராயர் நிரம்பிவிட்டது என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். எதை வைத்துக்கொள்ளலாம்?

25 கட்டை மிடி கீபோர்டு ஒன்று, மைக், கிதார் செருக இரண்டு நுழைவு உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று, தனியாகக் கரண்ட் எடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்று. லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடில் இண்டர்ஃபேஸை நேராகச் செருகினால் அதிக மின்சாரம் கேட்கிறது என்று திரையில் வரும், ஹப் நடுவில் இருந்தால் வராது. வாங்கும் முன் கிளாஸ் கம்ப்ளையண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அப்படியென்றால் தனி டிரைவர் வேண்டாம். மூன்று கால் பிளக்கும் பிரெஞ்சு உருண்டைப் பிளக்கும் கலந்து கிடக்கும் ஊர் நம்முடையது, அந்த மாற்றியையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தையெல்லாம் தைரியமாகத் தானம் பண்ணலாம்.

ப்ரீசெட் (ஆப்பில் தயாராக வரும் ஒலி) மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் பிடித்ததை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். இரண்டு மணி நேரம் தேடினாலும் பெரும்பாலும் அதற்கேதான் திரும்பி வருவீர்கள்.

என் கணவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், எங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. இதில் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கைதான்: மனிதர் தலையை ஆட்டுகிறார், திடீரென்று "ஆஆ" என்று ஒரு வரி மட்டும் பாடுகிறார், அதுவும் மெலடி இல்லை, இரண்டாம் குரல். மெலடி அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள், அவர் பாட்டுக்குள் நீங்கள் போங்கள்.

நம் வீடுகளில் பாட்டிமார் பாடும் தாலாட்டு உண்டு, காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் பாடும் முருகன் பாட்டு உண்டு, பாதி தமிழ் பாதி கிரெயோல் கலந்த வேடிக்கைப் பாட்டுகள் உண்டு. பல வீடுகளில் அவை ஒரே ஒருவரின் நினைவில்தான் இருக்கின்றன. டேப்லெட் கையில் இருக்கிறது, மைக் அதற்குள்ளேயே இருக்கிறது. பாட்டியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், மெட்ரோனோமை அணைத்துவிட்டு அவர் போக்கில் பாடவிடுங்கள். அவரை ஆப்பின் வேகத்துக்குப் பாடச் சொல்லாதீர்கள். பாடி முடித்த பிறகு அவர் எந்தச் சுருதியில் நின்றாரோ அதைக் கண்டுபிடித்து அடியில் ஒரு தம்பூரா போடுங்கள், அதற்குமேல் ஒரு புல்லாங்குழல் போதும். அவர் மூச்சு வாங்கும் இடத்தை வெட்டிவிட வேண்டாம். நடுவில் வரும் வார்த்தையை மறந்துவிட்டு "அப்புறம் என்ன வரும்?" என்று அவர் கேட்டால் அதையும் வைத்திருங்கள்.

கோயிலுக்குள் பதிவு செய்வதாக இருந்தால் குருக்களிடமும் நிர்வாகத்திடமும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தைப்பூசக் காவடி நாள் அரசு விடுமுறை, கூட்டம் அலைமோதும், டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து யார் வழியையும் மறைக்க வேண்டாம். ஊர்வலம் கிளம்புவதற்கு முன் மேளக்காரர்கள் வாசித்துப் பார்க்கும் நேரம்தான் பதிவுக்கு நல்ல நேரம்.

புயல் நாளில் வேலை பார்க்க முடியுமா?

அதைவிட நல்ல நாள் இல்லை. மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் எல்லாரும் வீட்டோடு, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, கணினி வைத்திருப்பவர்கள் மூடிவைக்க வேண்டியதுதான். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு பத்து மணி நேரம். திரை வெளிச்சத்தைக் குறைத்து ஏரோப்ளேன் மோடில் போட்டால் நன்றாகத் தாங்கும். ஆனால் தொலைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும், வானிலை அறிவிப்பு கேட்க வேண்டும், பவர் பேங்க் முதலில் அதற்குத்தான்.

இரண்டு விஷயத்தை முதல் வகுப்பு எச்சரிக்கையிலேயே செய்துவிடுங்கள். கராஜ்பேண்டின் ஒலி நூலகத்தில் வேண்டியதை இறக்கிக்கொள்ளுங்கள். சந்தா ஆப்களை ஒரு தடவை திறந்துவைத்துவிடுங்கள், சில ஆப்கள் இணையம் இல்லாமல் சந்தாவைச் சரிபார்க்க முடியாமல் நின்றுவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்த நாளில் தகரக் கூரை மேல் விழுந்த மழையைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஒலி நூலகத்திலும் அந்த மழை கிடைக்காது.

டேப்லெட்டில் இடமே இல்லை. ஆப்பை அழிக்கலாமா?

நிறுத்துங்கள், முதலில் பாட்டை வெளியே எடுங்கள். டேப்லெட்டிலேயே சேமித்திருந்தால் கராஜ்பேண்டை அழிக்கும்போது உள்ளே இருக்கும் பாட்டுகளும் போய்விடும். முழுத் திட்டக் கோப்பு ஒன்று, சுருக்காத வேவ் கோப்பு ஒன்று, இரண்டையும் ஐகிளவுடிலோ பென் டிரைவிலோ போட்டுவிட்டு அப்புறம் அழியுங்கள். பெயரில்லாத மை சாங்குகளையும் இப்போது கேட்டுப் பார்க்கலாம், அதில் ஒன்றிரண்டு கண்டிப்பாக நன்றாக இருக்கும்.

ஒரு பாட்டு முடிந்தது என்று எப்படித் தெரியும்?

இரண்டு நிமிடம் ஓடி, தொடக்கமும் முடிவும் இருந்து, நீங்கள் இல்லாத இடத்தில் இன்னொருவர் கேட்டு மறுபடியும் போடச் சொன்னால் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு காரில் கேளுங்கள், ஒரு மலிவான தொலைபேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். தொலைபேசியில் பேஸ் காணாமல் போகும், அதனால் பேஸ் வாசிக்கும் வரியை ஓர் ஆக்டேவ் மேலே மெதுவாக இன்னொரு வாத்தியத்தில் சேர்த்தால் இரண்டிலும் கேட்கும். சத்தத்தைச் சிவப்பு தொடும்வரை ஏற்றாதீர்கள், ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவு) என்ற மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் போடும், நீங்கள் ஏற்றியது வீண்.

டேப்லெட்டில் ஆல்பம் முடியுமா என்று இன்னும் சந்தேகப்படுபவர்களுக்கு: கொரில்லாஸ் குழு 2010ல், முதல் ஐபேட் வந்த வருடமே, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் இடையில் பெரும்பகுதியை ஐபேடில் பதிவு செய்து ஓர் ஆல்பம் வெளியிட்டது. உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பலமடங்கு வேகமான கருவி.

வெளியிடலாமா?

ஆப்புக்குள் வரும் லூப்களை உங்கள் பாட்டில் பயன்படுத்த ராயல்டி கட்ட வேண்டாம், லூப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. சினிமாப் பாட்டை மறுபடியும் பாடி வெளியிட அனுமதி வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் இங்கே பாட்டு உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் மொரீஷியஸ் சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸில் விசாரியுங்கள். பாட்டி பாடியதை வெளியிடுவதாக இருந்தால் பாட்டியின் பெயரைப் போடுங்கள்.

புது ஐபேட் வாங்கிவிட்டேன். பழையதை என்ன செய்யலாம்?

விற்காதீர்கள், பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பழைய ஐபேடில் புது ஆப் ஏறாது, ஆனால் முன்பு வாங்கிய பல ஆப்களின் கடைசிப் பொருத்தமான பதிப்பை இறக்கிக்கொள்ளலாமா என்று கடையே கேட்கும், சரி என்று சொல்லுங்கள். ஒரு தம்பூரா ஆப்பை மட்டும் வைத்து, மிச்சத்தை அழித்து, பாட்டு படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஹெட்போன் துளையும் அதில் பெரும்பாலும் இருக்கும், ஒரு சாதாரண ஸ்பீக்கரைக் கம்பியில் இணைத்தால் சுருதிப்பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.